நாலு பூச்சும் ஒரு வெள்ளைச் சுவரும்

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூவருக்கும் இரும்பைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: அது கனமாக இருக்கும். மற்றதையெல்லாம் தெரிந்த மாதிரிப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்க எனக்குப் பழக்கமில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் தேறியிருந்தேன். ரசாயனப் புத்தகத்தில் துருவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அது எனக்கு மனப்பாடம். காரைக்குடியில் அந்த ஒன்றரைப் பக்கம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம். அதில் பெரிய பிழை ஒன்றும் இருந்திருக்காது.

புது வீடு பாதிக்குமேல் எழும்பியிருந்த வருஷம் அது. சன்னல் கம்பிகளை அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சி ரங்கூனில் வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். தொண்டியில் இறங்கி மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தபோது, கட்டுக் கட்டாகக் கிடந்த அந்த இரும்பின்மேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தோல் படர்ந்திருந்தது. கடல் காற்றின் உப்பு வேலை செய்திருக்கிறது என்று சொன்னேன். பெரியப்பச்சி கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "புது இரும்புன்னா இப்படித்தான் இருக்கும்டா, பச்சப் புள்ள ஒடம்பு செவப்பா இருக்கிறாப்புல" என்றார். அவருக்கு அந்த இரும்பை விற்றவன் கொடுத்து வைத்தவன்.

கம்பிகளைப் பதித்தாயிற்று. கீழே சுவருக்குக் கொத்தனார் கடைசிப் பூச்சுப் போட்டு இழைத்து முடித்தார். எங்கள் பக்கத்துச் சுவர் எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்து, பூசி, கல்லால் நாள் கணக்காகத் தேய்ப்பார்கள். முகம் பார்க்கலாம். ஒரு தடவை கறை இறங்கிவிட்டால் சுரண்டி எடுக்க முடியாது, அந்த இடத்தையே பெயர்க்க வேண்டும். கொத்தனார் அதைத்தான் சொன்னார்.

"கம்பிக்கு எதையாச்சும் பூசிருங்க. மழை பேஞ்சா துரு கரைஞ்சு சுவத்துல வழியும். அப்புறம் என்னயக் கூப்பிடப்படாது. வெள்ளிக்கிழமை சாரத்தைப் பிரிச்சிருவேன்."

சாரம் இல்லாமல் மாடிச் சன்னலின் வெளிப்பக்கத்தை எட்ட முடியாது. அன்று திங்கட்கிழமை.

வேறு எந்த ஊரிலாவது வீட்டுக்காரர் ஒருவர் ஒரு மருந்தைச் சொல்லி, எல்லாச் சன்னலுக்கும் அதையே அடித்து முடித்திருப்பார். எங்கள் வீட்டில் அது நடக்காது. கல்யாணமான ஒவ்வொரு மகனும் எங்களில் ஒரு புள்ளி. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அடுப்பு வேறு, அறை வேறு, அரிசிப் பானை வேறு. கிழக்குச் சுவரின் மாடிச் சன்னல்களையும் அப்படியே பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெற்கு ஓரம் பெரியப்பச்சிக்கு, நடுவில் என் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வடக்கு ஓரம் அவர் தம்பி சின்னப்பச்சிக்கு. ஒருவர் பங்குக் கம்பிக்கு இன்னொருவர் சொல்கிற பூச்சைப் பூசினால் மானம் போய்விடும். ஆக ஒரே சுவர், ஒரே மழை, ஒரே இரும்பு, பூச்சு மட்டும் ஆளுக்கு ஒன்று. பரிசோதனை செய்ய நினைக்கிறவன் தவமிருந்தாலும் இப்படி ஓர் ஏற்பாடு கிடைக்காது. அதை அவர்கள் அறியாமலே செய்து தந்தார்கள். அறிந்து எதையும் செய்த வழக்கம் அவர்களுக்கு இல்லை.

பெரியப்பச்சியின் மருந்து பர்மாவிலிருந்து வந்தது. அவருடைய எல்லா வாக்கியமும் அங்கிருந்துதான் வரும். எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுத்தபடியே சுத்தம் செய்யாத கறுப்பு மண்ணெண்ணெய், இரண்டு டின்.

"பர்மாவுல வீட்டையே இதுலதான் குளிப்பாட்டுறான். அம்புட்டு மழைக்கும் அசையாது."

"அது மர வீடு, பெரியப்பச்சி. மரம் எண்ணெயைக் குடிக்கும். இரும்பு குடிக்காது, வழியத்தான் செய்யும்."

"நீ பர்மாவப் பாத்திருக்கியா?"

"இல்லை."

"அப்பப் பேசாத."

இதுதான் அவருடைய விஞ்ஞானம். பார்த்தவன் பேசலாம், பார்க்காதவன் பேசக் கூடாது. அவரும் இருபது வருஷம் பர்மாவை எங்கள் வட்டிக்கடைப் பெட்டகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பார்த்தார்.

சின்னப்பச்சி நாகரிகம் தெரிந்தவர். கைக்கடிகாரம் கட்டுவார், மணி கேட்டால் வெயிலைப் பார்த்துச் சொல்லுவார். செக்காலையில் இருந்த இரும்புச் சாமான் கடையில் பச்சைப் பெயிண்டு வாங்கிவந்தார். டின்னின்மேல் கப்பல் படம் போட்டிருந்தது. அந்தப் படம் போதும் அவருக்கு.

"கப்பலுக்கு அடிக்கிறதுடா. கடல்லயே நிக்கிது, ஒந் தூத்தலுக்கு என்ன?"

"கப்பல்ல முதல்ல துருவைச் சுரண்டி எடுத்திட்டுத்தான் அடிப்பாக. நீங்க துருவுக்கு மேலயே அடிக்கிறீக."

"நாம என்ன கப்பலா விடப்போறம்?"

கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டு என்று ஒரு வாய், நாம் கப்பல் விடவில்லை என்று அதே வாய். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லக்கூடிய மனிதரிடம் நியாயம் பேசுவது எப்படி?

என் அப்பச்சி அவர்கள் இருவரையும்விடக் கூர்மையானவர். அதனால் அவருடைய முட்டாள்தனத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. வண்டி அச்சுக்குப் போடுகிற மையை, அதாவது விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, கம்பிக்குப் பூசச் சொன்னார். "அச்சு துருப்பிடிச்சு எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்றார். பார்த்ததில்லைதான். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

"என்னடா சிரிப்பு?"

"அச்சை யாரும் தொடமாட்டாக. சன்னல் கம்பியப் புடிக்காம வீட்டுல யாரு நிப்பா? எண்ணெய் காயவே காயாது, அப்பச்சி. வாராவாரம் போட்டுக்கிட்டே இருக்கணும். காயுற எண்ணெய் வேணும். ஆளிவிதை எண்ணெயில சிவப்பு ஈயப் பொடியக் குழைச்சு, கம்பிய வெள்ளையாச் சுரண்டிட்டுப் பூசினா, இருபது வருசம் அசையாது."

"எதுல போட்டிருக்கு?"

"புத்தகத்துல."

அப்பச்சிக்கும் எனக்கும் அப்போது வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நான் திருச்சிராப்பள்ளியில் காலேஜில் சேர்ந்து ரசாயனம் படிக்க வேண்டும் என்கிறேன். அவர் என்னைப் பர்மாக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். எங்களவர்கள் பிள்ளைகளை அந்த வயதில் கப்பலேற்றி, மூன்று வருஷம் கழித்து மீசையோடு திரும்பி வாங்கிக்கொள்வார்கள். அவருடைய அப்பச்சி அவரை அப்படித்தான் அனுப்பினார். நான் இரண்டு மாதமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி. நம்ம பங்குல ரெண்டு சன்னல் ஒனக்கு. ஓம் பொடியப் பூசு. தை மாசம் வீடு குடிபோற அன்னைக்கு அந்த ரெண்டு சன்னலுக்குக் கீழயும் சுவரு வெள்ளையா இருந்தா, திருச்சிக்குப் போ. இல்லைன்னா மாசி மாசம் கப்பல். சம்மதமா?"

சம்மதம் என்றேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொன்னேன். இரும்பு துருப்பிடிக்காதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சிவப்பு ஈயப் பொடி செக்காலைக் கடையிலேயே இருந்தது, குழாய் மாட்டுகிறவர்கள் திருகு மறைக்குப் பூச வாங்குவார்கள். ஆளிவிதை எண்ணெய் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்தார்.

"யாருக்குத் தம்பி வகுறு சரியில்லை?"

"இரும்புக்கு."

"இரும்புக்கு என்ன, மந்தமா? நல்லெண்ணெய் இருக்கு, ஊத்திப் பாருங்க."

"நல்லெண்ணெய் காயாது."

"காஞ்சா அது என்ன எண்ணெய்?" என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். இந்த ஆளிடம்தான் சின்னப்பச்சி கப்பல் பெயிண்டு வாங்கியிருந்தார்.

எண்ணெய்க்கு மதுரைக்கே போனேன். போக வர இரண்டு நாள் பாழ். புதன் மாலை திரும்பினேன். வழியெல்லாம் டின்னை மடியிலேயே வைத்திருந்தேன், குழந்தையை வைத்திருப்பது போல. வியாழக்கிழமை விடிந்ததும் சாரத்தில் ஏறிக் கம்பி ஒவ்வொன்றையும் வெந்நீரால் கழுவி உப்பைப் போக்கி, செங்கல் துண்டால் தேய்த்து, கத்தியால் மூலை முடுக்கெல்லாம் சுரண்டினேன். மதியத்துக்குள் என் இரண்டு சன்னலும் வெள்ளிபோல மின்னின. வடக்கு ஓரத்தில் சின்னப்பச்சியின் ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டே துருவின்மேல் பச்சையை அப்பிக்கொண்டிருந்தான். தெற்கு ஓரத்தில் பெரியப்பச்சியின் கம்பிகளிலிருந்து கறுப்புச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மழையே இல்லாமல் அந்தச் சுவர் அன்றைக்கே கெட்டது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமில்லை.

முதல் பூச்சை வியாழன் மதியம் அடித்தேன். ஒரு பூச்சு காய்ந்து கெட்டிப்பட நாலைந்து நாள் வேண்டும், அதற்குப்பின்தான் அடுத்தது என்று புத்தகத்தில் தெளிவாக இருந்தது. சாரமோ வெள்ளிக்கிழமை போய்விடும். கொத்தனாரிடம் ஒரு வாரம் சாரத்தை விட்டு வையுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பச்சி காதுக்குப் போகும், புத்தகக்காரன் தவணை கேட்கிறான் என்று பெரியப்பச்சி சிரிப்பார். வியாழன் மாலை மேலே தொட்டுப் பார்த்தேன். விரலில் லேசாகத்தான் ஒட்டியது. இரண்டாம் பூச்சைக் கொடுத்தேன். வெள்ளி காலை மூன்றாவது, கெட்டியாக.

ஆத்தா மாடிக்கு ஏதோ எடுக்க வந்தவள், உள்பக்கத்துக் கம்பியை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "மேல ஆடை கட்டியிருக்கு, உள்ள பச்சையா இருக்குடா. கூழ்வத்தலை இப்படி எடுத்து வச்சா நாலு நாள்ல நூல் விட்டுரும். பொறுத்துப் போட்டா என்ன?"

"இது வத்தல் இல்லை, ஆத்தா. ரசாயனம்."

"அதுசரி" என்று போய்விட்டாள். திருச்சி என்றாலும் நான் போய்விடுவேன், பர்மா என்றாலும் போய்விடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். திருச்சியென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகம் பார்க்கலாம். அந்தக் கம்பி காய்வதில் அவளுக்கும் பங்கு இருந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நகத்தால் அழுத்திப் பார்ப்பதை ஒரு பரிசோதனை என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் சொல்லி வைத்தாற்போல் அடுத்த வாரமே பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் சூரியனைக் காணோம். ஈரத்தில் பொழுது விடிந்து ஈரத்தில் பொழுது போயிற்று. நான் தினமும் உள்பக்கமிருந்து கம்பிகளைப் பார்ப்பேன். ஒரு புள்ளி துரு இல்லை. பச்சைக்காரர் கம்பியில் மூன்றாம் நாளே கொப்புளம். ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்த்தேன், பழுப்புத் தண்ணீர் வந்தது. அதைச் சின்னப்பச்சியிடம் காட்டினேன்.

"நீ குத்துனதுனாலதான் வந்துச்சு" என்றார்.

அப்பச்சியின் வண்டி மை இரும்பைக் காப்பாற்றியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அறைக்குள் போய் வந்த ஒருவராவது கறுப்பு இல்லாமல் வரவில்லை. மழை வேடிக்கை பார்க்கக் கம்பியைப் பிடிப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், கையை எங்கே துடைப்பது? முகம் பார்க்கிற உள்பக்க வெள்ளைச் சுவரில்தான். இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை ஐந்து விரல், ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. அடுத்த அறையில் நின்று நான் அந்தக் கைகளை எண்ணிச் சிரித்தேன். என் சன்னலின் வெளிப்பக்கத்தை நான் பார்க்கவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். அதோடு, பார்க்க என்ன இருக்கிறது, இரும்புதான் நன்றாக இருக்கிறதே.

கார்த்திகை பாதியில் மழை விட்டதும் தெருப்பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தேன். என் இரண்டு சன்னலுக்கும் கீழே சுவர் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக இருந்தது. சும்மா சிவப்பு இல்லை. கோயில் சுவரில் காவி அடித்த மாதிரி. காயாத பூச்சு மழையில் சுருங்கி, கரைந்து, சுவரில் இறங்கியிருந்தது. துரு இல்லை. துருவைத் தடுக்கிற மருந்து. ஆனால் கீழே நிற்கிறவனுக்கு அதுவும் இதுவும் ஒரே நிறம்.

வீடு குடிபோகப் பத்து நாள் இருக்கும்போது மூவரும் சேர்ந்து சுவரைப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் பங்கையே பார்த்தார்கள். தெற்கு ஓரம் கறுப்பு, வடக்கு ஓரம் பச்சைத் தோலும் பழுப்புக் கண்ணீரும், நடுவில் என் சிவப்பு.

"ஏண்டா, எங்களுதாச்சும் மழைக்குத் துரு வந்துச்சு. நீ துருவை வெல குடுத்து வாங்கிப் பூசியிருக்கியே" என்றார் சின்னப்பச்சி. பெரியப்பச்சி தன் கறுப்பை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் மாடிக்கு ஓடி, கத்தியை எடுத்து, கம்பியின் அடிப்பக்கத்தில் பூச்சை வழித்தேன். உள்ளே இரும்பு அன்று சுரண்டி வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. அப்பச்சியை மேலே வரவழைத்துக் காட்டினேன். பிறகு சின்னப்பச்சியின் சன்னலுக்கு இழுத்துப் போய்ப் பச்சையை உரித்துக் காட்டினேன். உள்ளே இரும்பு செதில் செதிலாக வந்தது. அப்பச்சி இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

"இரும்பு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்பத் திருச்சி?"

"நான் இரும்பைக் கேக்கலையே. சுவத்தைத்தானே கேட்டேன்."

"கம்பிக்குத்தானே பூச்சு, அப்பச்சி? துருப்பிடிக்காம இருக்கத்தானே?"

"வீடு குடிபோற அன்னைக்கு வாரவுக கத்திய எடுத்துக்கிட்டா வருவாக? தெருவுல நின்னு சுவத்தைத்தான் பாப்பாக. அதைக் கெடுக்காம இருக்கத்தான் பூச்சு. ஒனக்குச் சொன்னது சுவரு. நீயும் சம்மதம்னே."

சம்மதம் என்றது நான்தான். புத்தகத்தில் நாலைந்து நாள் என்று அச்சடித்திருந்ததை அவர் படித்ததில்லை, படித்தவன் நான். மூன்று முட்டாள்களும் தங்களுக்குத் தெரியாததைச் செய்து கெடுத்தார்கள். நான் தெரிந்ததைச் செய்யாமல் கெடுத்தேன். இதில் யார் முட்டாள் என்று அவர்கள் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

வீடு குடிபோன அன்று மூன்று புள்ளியும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கிழக்குச் சுவர் முழுக்கக் குலை வாழையை நெருக்கி நிறுத்தி, மேலே தென்னங்கீற்றுத் தோரணத்தை ஒரே நீளத்துக்குத் தொங்கவிட்டார்கள். நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்த சம்பந்திகள், "என்ன பசுமையா சோடிச்சிருக்கீக" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருவராவது வாழையை விலக்கிப் பார்க்கவில்லை. இந்தக் கண்களுக்காகத்தான் அந்தச் சுவர், அந்தச் சுவருக்காகத்தான் நான் மாசி மாதக் கப்பல் ஏறினேன்.

கப்பலின் கைப்பிடிக் கம்பியில் பெயிண்டு ஓரிடத்தில் உரிந்திருந்தது. உள்ளே சிவப்பு ஈயப் பூச்சு, கல்லைப்போலக் கெட்டியாக. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் மடங்கியது.

இப்போது ஐராவதிக் கரையில் ஒரு சிறு ஊரில் எங்கள் கடையில் இருக்கிறேன். பெட்டகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பர்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பெரியப்பச்சியைப் போலவே. போன வாரம் அப்பச்சியிடமிருந்து கடிதம் வந்தது. சுகம், மழை, ஆத்தாவுக்கு முழங்கால் வலி எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில்: "கொத்தனார் சுவரைப் பெயர்த்துப் புதிதாகப் பூச ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆளிவிதை எண்ணெய் இங்கே கிடைக்கவில்லை. அங்கிருந்து எட்டு டின் அனுப்பவும். சிவப்புப் பொடியும், மேலே அடிக்க வெள்ளைப் பெயிண்டும் அனுப்பவும். பெரியப்பச்சி, சின்னப்பச்சி பங்குக்கும் சேர்த்துத்தான். பர்மாவில் எல்லாரும் இப்படித்தான் பூசுவார்கள் என்று பெரியப்பச்சி சொல்கிறார்."

மூன்று தடவை படித்தேன். நீ சொன்னது சரி என்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

எட்டு டின்னும் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு டின்னின் மூடியிலும் கறுப்பு மையால், தெருவிலிருந்தே படிக்கும்படியான எழுத்தில் எழுதியிருக்கிறேன்: ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் ஐந்து நாள். அவர்கள் படிக்க மாட்டார்கள். எண்ணெய்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்பார்கள். அதனால் டின்களை ஆத்தா பேருக்கு அனுப்பி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: நகத்தால் அழுத்திப் பார்த்து நீங்கள் சரி என்று சொன்னபிறகு அடுத்த பூச்சு. அதுவரை சாரத்தைப் பிரிக்க விடாதீர்கள்.